சியோல்ல ஒரு ஐஸ்கிரீம், சங்கரன்கோவில்ல ஒரு ஜாடி

கொரியா ட்ரிப்ல மிங்கிள்ஸ்ல சாப்பிட்ட கதையைத் தனியாச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். இன்னைக்குச் சொல்லிடுறேன்.

மிங்கிள்ஸ், சியோல்ல கங்னம் பகுதியில இருக்கிற ரெஸ்டாரண்ட். செஃப் காங் மின்கூ 2014-ல ஆரம்பிச்சது. 2025 மிஷலின் கைடுல மூணு ஸ்டார். நாம மெனு பார்த்து ஆர்டர் பண்ற கதையே கிடையாது. அவங்க முடிவு பண்ணினது ஒவ்வொரு தட்டா, கொஞ்சம் கொஞ்சமா வரும். சங்கரன்கோவில்காரனுக்கு விருந்துன்னா இலை நிறைய மட்டன் பிரியாணி. நாலு தட்டு வரைக்கும் வயிறு நிறையுமாங்கிற கவலைதான் எனக்கு.

ஆடிப்போனது டெசர்ட்லதான். பேரு 'ஜாங் ட்ரியோ'. வெனிலா ஐஸ்கிரீமோட தோயென்ஜாங் கலந்த க்ரீம் ப்ரூலே, கான்ஜாங்ல புரட்டின பீகான் பருப்பு, கொச்சுஜாங் தூவின பொரி. இனிப்புல சோயா சாஸ்!

ஜாங் எப்படிப் போடுறாங்க? சோயாவை அவிச்சு, இடிச்சு, செங்கல் மாதிரி பிடிச்சு, வைக்கோல்ல கட்டித் தொங்கவிடுவாங்க. வைக்கோல்லயும் காத்துலயும் இருக்கிற நுண்ணுயிர்கள் அதுல குடியேறி புரதத்தை உடைக்கும். ருசி, வாடை ரெண்டுமே அங்கிருந்துதான். காஞ்ச கட்டியை மண் ஜாடியில உப்புத் தண்ணி ஊத்தி ஒண்ணு ரெண்டு மாசம் ஊறப் போடுவாங்க. வடியிற தண்ணி கான்ஜாங், அதாவது சோயா சாஸ். மிஞ்சுற விழுது தோயென்ஜாங். அந்தக் கட்டியைப் பொடிச்சு, மிளகாய்ப்பொடி, அரிசி, உப்பு சேர்த்துப் புளிக்க வச்சா கொச்சுஜாங், ரீல்ஸ்ல பார்க்கிற அந்தச் சிவப்பு விழுது. 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ இந்த ஜாங் போடுற வழக்கத்தைத் தன்னோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்தது.

ஸ்பூனை வாயில வச்சதும் ஆச்சியோட மோர் மிளகாய் ஜாடி ஞாபகம் வந்துச்சு. ராத்திரி உப்புத் தயிர்ல ஊறும், பகல்ல மொட்டைமாடியில காயும். அதுவும் புளிப்பு, உப்பு, நாள்கணக்கான பொறுமைதான். சென்னை ஹாஸ்டலுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டாங்க. ரூம்ல ஒருத்தன் "என்னடா புளிச்ச வாடை?"ன்னான். என்னுது இல்லைன்னு சொல்லி, குப்பையில போட்டுட்டேன். ஆச்சிகிட்ட, "எல்லாம் காலி ஆச்சி, சூப்பரா இருந்துச்சு"ன்னு சொன்னேன்.

ஆச்சி தவறி மூணு வருஷமாச்சு. அன்னைக்கு ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டு, மோர் மிளகாய்க்கு உப்பு எவ்வளவுன்னு கேட்டேன். "அவங்க கையால அள்ளிப் போடுவாங்கல்லா, நான் எங்க அளந்தேன்?"னாங்க.

ஊருக்கு வந்து பரண்ல கிடந்த ஜாடியை இறக்கினேன். உப்பு பத்தாம முதல் தடவை பூசணம் பூத்துடுச்சு. ரெண்டாவது தடவை போட்டது இப்ப மாடியில காயுது.