நாலு கோழி இருந்தா முட்டைச் செலவு மிச்சம்... கழிச்சல் வந்தா மொத்தமும் போச்சு!

நாமக்கல்:

முட்டை லாரி ஓடாத ரோடு நாமக்கல் மாவட்டத்தில் கிடையாது. காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் பலரும் முதலில் பார்ப்பது முட்டை விலையைத்தான். அப்படிப்பட்ட ஊரிலேயே, பண்ணைகளைத் தாண்டி உள்ளே போனால், பல வீட்டு வாசலில் நாட்டுக்கோழி குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கிறது.

ஊரெல்லாம் முட்டை கிடைக்கும்போது வீட்டில் எதுக்கு கோழி? கேட்டால் பெண்கள் சிரிக்கிறார்கள். கடையில் வாங்கினால் காசு. வீட்டில் இருந்தால் கூடைக்குள் கையை விட்டால் முட்டை. விருந்தாளி வந்தால் குழம்பு. அவசரத்துக்கு ஒரு சேவலைப் பிடித்து விற்றால் கேஸ் சிலிண்டருக்கு ஆகிறது.

கணக்கு என்ன?

பண்ணையில் கூண்டில் வளரும் வெள்ளைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். அதே கணக்கை வீட்டுக் கோழியிடம் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நாட்டுக்கோழி ஒரு தடவைக்கு 12 முதல் 18 முட்டை இடும். அப்புறம் அடைக்கு உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு நாலு தடவை வைத்தாலும் 50 முதல் 70 முட்டைதான்.

5 பெட்டைக்கோழி, ஒரு சேவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 250 முட்டை. அதில் பாதியை வீட்டுக்கு எடுத்தால் மாதம் 10 முட்டை. மீதி 125-ஐ அடை வைத்தால் 90 குஞ்சு வரை பொரிக்கலாம். காக்கா, பூனை, கீரி, பருந்து இவற்றுக்குப் பாதி போனாலும் 45 மிஞ்சும். அது கிலோ எடைக்கு வர 4, 5 மாதம் ஆகும். பிராய்லர் மாதிரி 40 நாளில் தட்டுக்கு வராது.

காசு மிச்சம் முட்டையில் கொஞ்சம்தான், குஞ்சில்தான் அதிகம். இதைப் புரிந்துகொண்டால் எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதும் புரியும்.

செலவே இல்லைன்னு சொல்றது பொய்

'அது பாட்டுக்கு மேயும், தீவனமே வேண்டாம்' என்று சொல்வார்கள். தோட்டம், களம் இருக்கிற வீட்டில் பாதி உண்மை. ரெண்டு சென்ட் இடத்தில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு அது ஆகாது. சாயங்காலம் அடையும்போது ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடி கம்பு, சோளம், அரிசிக் குருணை ஏதாவது போட்டால்தான் முட்டை நிற்காமல் வரும். சாயங்காலம் போடுவதில் இன்னொரு லாபம், எல்லாக் கோழியும் தானாக வீடு வந்து சேரும்.

மிச்சம் மீதி சாதம், கீரைத்தண்டு, காய்கறித் தோல் எல்லாம் போடலாம். ஊறுகாய், கருவாட்டுத் தலை போல உப்பு அதிகம் உள்ளது கூடாது. உப்பு கூடினால் கோழி செத்தே போகும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் வேண்டாம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.

கரையான் பிடிப்பது பழைய வித்தை. ஒரு பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை இதெல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானைக்குள் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல தீவனம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

அடை வைக்க 21 நாள். 7-வது நாளுக்கு மேல் ராத்திரியில் டார்ச் லைட் முன்னால் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் கரு கட்டியது ரத்த நரம்போடு தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சமாக இருப்பது கூமுட்டை, எடுத்துவிடலாம். சேவல் இல்லாமலும் கோழி முட்டை இடும், ஆனால் பொரிக்காது. முதல் 3 வாரம் குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்தில் அடைத்து வைத்தாலே காக்காவிடம் பாதிக் குஞ்சு தப்பிக்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது

இதெல்லாம் சரியாகச் செய்த வீடு எங்கள் வீடு. அம்மா 14 கோழி வைத்திருந்தார். ஒரு பங்குனி மாசம் திங்கட்கிழமை ஒரு பெட்டை சோர்ந்து மூலையில் நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போனது. மறுநாள் ரெண்டு. வெள்ளிக்கிழமை காலையில் கூண்டைத் திறந்தபோது ஒரே ஒரு சேவல்தான் உயிரோடு இருந்தது. அதுவும் கழுத்து முறுக்கிக்கொண்டு தலையை முதுகுப் பக்கம் திருப்பியபடி சுற்றிச் சுற்றி வந்தது.

முந்தின மாசம்தான் கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்து தடுப்பூசி போட வந்திருந்தார்கள். "நாலு கோழிக்கு ஊசியாடா கண்ணு? அதுங்க பாட்டுக்கு மேயுதுங்க" என்று அம்மா அனுப்பிவிட்டார். நானும் பேசாமல் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா போட்டுக்கொண்டார். அவருடைய கோழிகள் எங்கள் வாசலிலேயே மேய்ந்தவை, ஒன்றுகூட சாகவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும்போது தங்கச்சி மகளுக்கு நோட்டு, செருப்பு வாங்க என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்த சேவல்கள் எல்லாம் குழிக்குள் போனது.

வந்தபிறகு மருந்து இல்லை

இதைத்தான் நம்ம ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். உத்தரகாண்டில் உள்ள ராணிக்கெட் என்ற மலை ஊரில் 1920-களில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். இது வைரஸ் நோய். வந்தபிறகு குணமாக்க மருந்து கிடையாது. வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பி ஊசியை விட்டுவிடக்கூடாது.

தடுப்பு முறை பற்றி கால்நடை டாக்டர்கள் சொல்வது இதுதான்:-

குஞ்சு பொரித்த 7-வது நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடி ஒரு தடவை. 8 வாரம் ஆனதும் இறக்கையில் தோலுக்கு அடியில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்தால் நல்லது. சோர்ந்து நிற்கிற கோழிக்குப் போடக்கூடாது. மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் அது பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீராக இருக்கக்கூடாது, மருந்து வீணாகிவிடும்.

8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாக ஊசி போடுகிறது. வெயில் ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

சிக்கல் குஞ்சுகளுக்குத்தான். அதுங்க பிப்ரவரி வரைக்கும் காத்திருந்து பொரிக்காது. மருந்துக்கடையில் கேட்டால் பாட்டில் பெரும்பாலும் 100 கோழிக்கான அளவில்தான் வருகிறது. 10 குஞ்சுக்காக அதை யார் வாங்குவார்கள்? கலக்கிய மருந்தை ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவும் வேண்டும். ஏழை வீட்டுக் கோழிகள் ஊசி இல்லாமல் சாவதற்கு பாதிக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எங்கள் தெருவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 8 வீட்டுக்காரர்கள் பேசி வைத்து ஒரே வாரத்தில் அடை வைக்கிறார்கள். குஞ்சுகளும் ஒன்றாகப் பொரிக்கும். காசு போட்டு ஒரு பாட்டில் வாங்கி, ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, வெயில் வருவதற்குள் வீடு வீடாகச் சொட்டு விட்டு முடித்துவிடுகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஆகிற செலவு ரெண்டு டீ காசுக்குள் அடங்கும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீவனம் மாதிரி போடுகிற குருணை மருந்தும் கண்டுபிடித்துள்ளது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

பண்ணை வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க...

கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்கள் வீட்டில் கோழி வைக்கக்கூடாது என்று முதலாளிகள் சொல்வது உண்டு. பொறாமையில் சொல்வதல்ல. செருப்பிலும் துணியிலும் ஒட்டிவரும் கிருமி இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் போகும். பண்ணையில் சொல்லியிருந்தால் அதன்படி நடப்பதுதான் வேலைக்கும் நல்லது.

சந்தையில் வாங்கி வந்த கோழியை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடாதீர்கள். ரெண்டு வாரம் தனியாக அடைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக்குச் சீக்கு வந்ததும் சந்தைக் கோழி மூலம்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

செத்த கோழியை ஓடையில் வீசுவது, 'சாவறதுக்குள்ள வித்துடலாம்' என்று சீக்குக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோவது இரண்டும் அடுத்த ஊர் கோழிகளையும் சேர்த்துக் கொல்லும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்புத்தூள் போட்டுப் புதைக்க வேண்டும். ஒரே நாளில் கொத்துக் கொத்தாகச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். தொடாமல், சமைக்காமல், பக்கத்தில் உள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.