மேடையில்லா அரங்கு: மலையகத்தின் காமன் கூத்து



நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே நாடகம் பற்றிய பாடமொன்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஆடுவோர், ஆடுகளம், பார்ப்போர் ஆகிய மூன்றும் கூடினால்தான் நாடகம் என்று கரும்பலகையில் எழுதி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், நீங்கள் கடைசியாக ஒரு கூத்தை நேரிலே பார்த்தது எப்போது?" என்று கேட்டான். அவன் குறும்பாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டான். மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன் நான். தாயின் கம்பளிக்குள் முடங்கியபடி விடிய விடியக் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலே சித்தியடைந்து விடுதிக்குப் போனேன். பின்னர் பல்கலைக்கழகம், அதன் பின்னர் ஆசிரியத் தொழில். கூத்தைப் பற்றிப் படித்தேன், கட்டுரை எழுதினேன், நல்ல புள்ளிகளும் வாங்கினேன். கூத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அந்த மாணவனின் கேள்வி உறுத்தவே, அடுத்து வந்த மாசியில் ஊருக்குப் புறப்பட்டேன். அங்கே கண்டதைக் கொண்டு, காமன் கூத்து என்பது என்ன, அதைப் பார்ப்பது என்பது என்ன என்று இன்று விளக்க விரும்புகின்றேன்.

நாடகம் பார்ப்பதென்றால் கொழும்பு வாசிகளுக்கு லயனல் வெண்ட் அரங்கு நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தாருக்கு வீரசிங்கம் மண்டபம். தோட்டத்து மக்களுக்கோ காமன் பொட்டல். லயங்களுக்கு நடுவே, பெரும்பாலும் கோயிலை ஒட்டிக் கிடக்கும் வெறுந்தரை அது. ஆண்டு முழுவதும் அங்கே பிள்ளைகள் பந்தடிப்பார்கள். மாசி மாதம் பிறந்ததும் அதே தரை அரங்காகிவிடும். அதற்குச் சுவருமில்லை, திரையுமில்லை, நுழைவுச் சீட்டுமில்லை.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023ஆம் ஆண்டு நினைவுகூர்ந்தோம். கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்து ஊர்களிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். அதன் பின்னர் நோய் கண்டு கோப்பி அழிந்து, மலையெங்கும் தேயிலையே நிறைந்தது. பயிர் மாறியது, வந்தவர்களின் வாழ்வு மாறவில்லை. கையிலே பெரிதாக ஒன்றும் கொண்டுவராத அந்த மக்கள் நெஞ்சிலே கொண்டுவந்தவற்றுள் மூன்று கூத்துகள் முதன்மையானவை: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. அருச்சுனன் தபசிலே ஆடுபவர் உயர்ந்த மரத்தின் உச்சிக்கு ஏறிப் பாடுவார். பொன்னர் சங்கரிலே படுகளம் காண மக்கள் திரள்வார்கள். எனினும் தோட்டம் முழுவதையும் பல நாட்களுக்குக் கட்டிப்போடும் ஆற்றல் காமன் கூத்துக்கே உண்டு எனலாம்.

கதை நாம் அறிந்ததுதான். சூரபன்மனின் கொடுமை தாளாத தேவர்கள், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதனை ஏவுகின்றார்கள். போக வேண்டாம் என்று இரதி தடுக்கின்றாள். அவன் போகின்றான், கணை தொடுக்கின்றான், நெற்றிக்கண்ணின் நெருப்பிலே சாம்பலாகின்றான். இரதி அழுது மன்றாட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு அவன் மீண்டும் உயிர் பெறுகின்றான். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்திலே காமதகனப் படலத்தை அமைத்தார். காளிதாசனோ குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கம் முழுவதையும் இரதியின் புலம்பலுக்கே ஒதுக்கிவிட்டான். கடல் கடந்து சாவகத்திலும், பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் தர்மஜர் என்ற கவி பழைய சாவக மொழியிலே இக்கதையை 'ஸ்மரதகனம்' என்ற காவியமாக்கினார். அரசவைகளிலே பாடப்பட்ட இக்கதையை, எழுத்தறியாத எம் முன்னோர் கொழுந்துக் கூடை இறக்கிய தோளோடு ஆடிக் காத்தார்கள் என்பதை நினைக்க வேண்டும்.

இனி, கூத்து நடைபெறும் முறையைப் பார்ப்போம். மாசி மாத அமாவாசையை அடுத்து வரும் மூன்றாம் பிறையிலே பொட்டலில் காமன் கம்பம் ஊன்றப்படும். நாட்கணக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் சற்று மாறும். ஆடுவோர் காப்புக் கட்டி விரதம் காப்பார்கள். இரதி வேடத்தையும் ஆணே தாங்குவது வழக்கம். பிள்ளை வரம் வேண்டியும், நோய் தீர வேண்டியும் நேர்த்தி வைத்து வேடம் கட்டுவோரும் உண்டு. ஆகவே ஆடுபவரை நடிகர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர் ஒரு கடனைத் தீர்க்க வந்தவருமாவார். பாடல்களைக் கற்றுக் கொடுப்பவர் வாத்தியார். நான் சந்தித்த வாத்தியாரிடம், ஓரம் கிழிந்த பழைய கொப்பியொன்று இருந்தது. அதைத் திறக்காமலே இரவு முழுவதும் பாடினார்.

இரதியும் மன்மதனும் லயம் லயமாகச் செல்வார்கள். வீட்டுக்காரர் அவர்கள் பாதத்தில் நீர் வார்த்து, தட்டிலே காணிக்கை வைப்பார்கள். இறுதி இரவுதான் தகனம். தீவட்டியோடு பாய்ந்து வரும் தூதன் பொட்டலையே கலக்கிவிடுவான். சிறு பிள்ளைகள் வீரபத்திரனைக் கண்டு தாய்மாரின் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். உயரமான பரணிலே சிவன் அமர்ந்திருப்பார். நெற்றிக்கண் திறக்கும் கணத்திலே கயிற்றின் வழியே வாணம் ஓடிவந்து கம்பத்தைப் பற்றும். பொட்டல் ஒரே வெளிச்சமாகும். அதன் பின்னர் தப்பின் அடி தணிந்து, இரதியின் ஒப்பாரி எழும்.

இந்த இடத்திலேதான், பார்ப்போர் என்று நான் கரும்பலகையில் எழுதிய சொல் போதாது என்று உணர்ந்தேன். என்னருகே நின்ற பெண்கள் இரதியைப் பார்த்து அழவில்லை. இரதியோடு சேர்ந்து அழுதார்கள். ஒருத்திக்குக் கணவன் மண்சரிவிலே போனவன். ஒருத்திக்கு மகன். என் தாயும் அழுதார். தந்தை இறந்த நாளிலே, வந்தவர்களைக் கவனிக்கும் அவசரத்தில் அழ முடியாமற் போனதைப் பின்னர் என்னிடம் சொன்னார். ஆண்டுக்கொருமுறை, யாரும் காரணம் கேட்காத ஓர் அழுகைக்கு அந்தப் பொட்டலிலே இடமிருந்தது. காளிதாசனைப் படித்த எனக்கு அந்த இரவுதான் அவன் ஏன் ஒரு சருக்கம் முழுவதையும் ஒதுக்கினான் என்று விளங்கியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் ஓரமாக நின்று, கைவிளக்கு வெளிச்சத்திலே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தப்படிக்கும் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, எழுதுறத அப்புறமா எழுதலாம். இந்தத் தப்ப கொஞ்சம் நெருப்புல காட்டுங்க. பனியில தோலு தொய்ஞ்சி போச்சி" என்று நீட்டினார். வட்டமான மரச் சட்டத்திலே தோல் போர்த்திய கருவி தப்பு. மலைப் பனியிலே தோல் ஈரம் உறிஞ்சித் தளரும். நெருப்பிலே வாட்டினால்தான் இறுகி ஓசை தெறிக்கும். அன்றைய இரவிலே அதைப் பல முறை வாட்ட வேண்டியிருந்தது.

வாங்குவதற்கு என் கை ஒரு கணம் தயங்கியது. ஏன் தயங்கியது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தப்பைத் தொடுபவர் இன்னார், தொடாதவர் இன்னார் என்று லயத்திலே சிறுவயதில் ஊட்டப்பட்டது, பட்டம் பெற்ற பின்னும் என் விரல் நுனியிலே இருந்தது. வெட்கத்தோடு வாங்கினேன். நெருப்பருகே குந்தி, தோல் கருகாமல் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவர் விரலால் சுண்டிப் பார்த்து, "இப்ப பேசும்" என்றார்.

இந்தத் தப்புக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு விசித்திரமானது. அந்த நாட்களிலே விடியுமுன் தப்படித்துத்தான் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு எழுப்பினார்கள். சாவு வீட்டிலும் அதுவே ஒலித்தது. துரையின் வேலைக்கு எழுப்பிய அதே கருவி, காமன் இரவிலே மட்டும் மக்களைத் தமக்காக விழித்திருக்கச் செய்தது. ஆனால் அதை அடித்தவருக்குக் கிடைத்த மதிப்பு என்ன? முதியவரிடம் பேரனைப் பற்றிக் கேட்டேன். கொழும்பிலே கடையொன்றில் வேலையாம். "அவனச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. தப்ப எடுத்தா எப்பிடிப் பாப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும்" என்றார்.

கூத்துத் தேய்வதற்குத் தொலைக்காட்சியே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை அதைவிடக் கசப்பானது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மக்களை, 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கை பேசிப் பங்கிட்டது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது என்பது அதன் கணக்கு. ஒரு தோட்டத்திலே சிவன் வேடக்காரர் கப்பலேறினார். இன்னொன்றிலே வாத்தியார் போனார். ஒரு கூத்துக்குழு கலைய ஒருவர் போனாலே போதுமல்லவா? பின்னர் இளைஞர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றார்கள். இவற்றோடு, தப்படிப்பவரை நாம் இழிவாக நோக்கியதும் ஒரு காரணம். மற்றவற்றுக்கு அரசுகளைக் குறை கூறலாம். இதற்கு நம்மையே குறை கூற வேண்டும்.

கூத்தைக் காக்க முயன்றோர் இல்லாமலில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து, விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துள் அமைத்துக் காட்டினார். அதனால் கூத்துக்குப் படித்தவரிடையே மதிப்பு வந்தது என்பதை மறுக்க முடியாது. இன்று காமன் கூத்தும் பாடசாலை விழாக்களிலும் கலாசார விழாக்களிலும் சுருங்கிய வடிவிலே மேடையேறுகின்றது. அதுவும் வேண்டியதே.

ஆயினும் மேடை எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்று நாம் அறிந்திருத்தல் நன்று. பாடலையும் ஆட்டத்தையும் உடையையும் மேடை காக்கும். பாதத்தில் வார்க்கும் நீரையும், நேர்த்திக்கடனையும், நள்ளிரவுப் பிளேன் டீயையும், இரதியோடு அழும் பெண்களையும் அதனால் காக்க முடியாது. அரை மணி நேர ஆட்டத்திலே தப்பைக் காய்ச்ச நெருப்பும் வேண்டியதில்லை. நெருப்புக் காய்ச்ச ஆளும் வேண்டியதில்லை. மண்டபத்திலே நாம் கைதட்டுவோம். பொட்டலிலே கைதட்டுவோர் இல்லை. எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கின்றது. அந்த வேலைகளைச் செய்ய ஆளில்லாத நாளிலே, பாடல் கொப்பி பத்திரமாக இருந்தும் பயனில்லை.

மறு ஆண்டு மாசியிலே, கேள்வி கேட்ட அந்த மாணவனையும் வேறு நால்வரையும், பெற்றோரின் அனுமதியோடு அழைத்துச் சென்றேன். குறிப்புக் கொப்பிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். ஒருவன் தீவட்டி பிடித்தான். இருவர் தேநீர் பரிமாறினார்கள். கேள்வி கேட்டவன் நெருப்பருகே குந்தித் தப்பு வாட்டினான். அவன் கை தயங்கவில்லை. விடியற்காலையில் முதியவர் அவனிடம் ஒரு சொற்கட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் பேரனுக்குச் சொல்ல வேண்டியதை யாரோ ஒரு பிள்ளைக்குச் சொல்கிறாரே என்று எனக்குத் துயரமாகவும் இருந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

நேயர்களே, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உங்களுக்கு உறவினர் இருந்தால், மாசி மூன்றாம் பிறை என்று வருகிறது என இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஓர் இரவு போய் நில்லுங்கள். கம்பளியொன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மலையிலே குளிர் அதிகம். யாராவது உங்களிடம் தப்பை நீட்டினால், தயங்காமல் வாங்கி நெருப்பிலே காட்டுங்கள்.