ஒரு வளையமும் ஒரு எண்ணும்: பழைய என்எஸ்எக்ஸ் கியர்பாக்ஸைச் சோதிக்கும் முறை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்களுக்குப் பெரிய கவலை கியர்பாக்ஸ்தான். பெயிண்ட் மங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். டயர் தேய்ந்திருந்தால் தொட்டே சொல்லிவிடலாம். கியர்பாக்ஸ் நாலாபுறமும் மூடிய அலுமினியக் கூடு. அதைக் கழற்றிப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க வழியில்லை. ஆனால் ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் காரில் வந்த ஒரு குறிப்பிட்ட பழுதுக்கு மட்டும் நல்ல சோதனை ஒன்று உண்டு. கியர்பாக்ஸின் உறையில் இருக்கும் எண்ணைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

கார் எப்படிப்பட்டது?

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் என்எஸ்எக்ஸை முதலில் உலகுக்குக் காட்டினார்கள். 1990இல் விற்பனைக்கு வந்தது. வட அமெரிக்காவில் ஹோண்டாவின் உயர்ரகப் பிரிவான அக்யூராவின் பெயரில், 1991 மாடலாக அறிமுகமானது. ஷிகெரு உவேஹரா தலைமையிலான பொறியாளர்கள் உருவாக்கிய கார் இது. உடற்கூடு முழுவதும் அலுமினியம். ஓட்டுநருக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால், குறுக்குவாக்கில் 3 லிட்டர் வி6 இன்ஜின். அமெரிக்க மாடலில் அது 270 குதிரைத்திறன் தந்தது; நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை முடுக்கலாம். அந்த வேகத்தைத் தாங்குவதற்காகவே கனெக்டிங் ராடுகளை டைட்டானியத்தில் செய்தார்கள். ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா 1989இல் சுசூகா பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்னதும், அதன்பின் உடற்கூட்டை இன்னும் விறைப்பாக்கியதும் இந்தக் காரின் வரலாற்றில் புகழ்பெற்ற அத்தியாயம்.

ஜப்பானின் தோச்சிகி மாவட்டத்தில் இதற்கென்றே அமைத்த தொழிற்சாலையில் அதிகமும் கைவேலையாகவே கார்களை இணைத்தார்கள். அத்தனை கவனத்தோடு உருவான வண்டியிலும் ஒரு பிசகு நுழைந்தது. தொடக்க ஆண்டுகளில் வந்த 5 கியர் மேனுவல் கியர்பாக்ஸ்களில் ஒரு பகுதியில், ஒரு வளையம் உட்கார வேண்டிய காடி சரியான அளவில் வெட்டப்படவில்லை. என்எஸ்எக்ஸ் ஓனர்கள் இன்றும் 'ஸ்னாப் ரிங்' பிரச்சினை என்று சொல்வது இதைத்தான்.

வளையத்தின் வேலை

மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஸ்னாப் ரிங்கின் இனம் பழக்கமானது. சர்க்ளிப் என்றும் லாக் என்றும் மெக்கானிக்குகள் சொல்லும் அதே வகைதான். ஒரு புறம் வெட்டு விட்ட, ஸ்பிரிங் போல விரிந்து சுருங்கும் எஃகு வளையம். காடிக்குள் உட்கார்ந்து, அருகிலிருக்கும் பாகம் நகராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை.

என்எஸ்எக்ஸ் கியர்பாக்ஸுக்குள் இரண்டு முக்கிய ஷாஃப்டுகள் உண்டு. ஒன்று மெயின் ஷாஃப்ட்; கிளட்ச் வழியாக இன்ஜினின் சுழற்சியை வாங்கிக்கொள்வது அது. மற்றொன்று கவுன்ட்டர் ஷாஃப்ட். நாம் போடும் கியருக்கு ஏற்ப அந்தச் சுழற்சியைப் பெற்று, டிஃபரன்ஷியல் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புகிறது. கவுன்ட்டர் ஷாஃப்டின் பேரிங்கை உறையோடு சேர்த்துப் பிடித்திருப்பதுதான் நம் வளையம்.

பேரிங்கை இப்படி இறுகப் பிடித்து வைக்கக் காரணம் பற்சக்கரங்களின் வடிவம். கார் கியர்களின் பற்கள் நேராக இல்லாமல் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். பற்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கவ்வுவதால் சத்தம் குறைகிறது, சுமையும் பரவுகிறது. ஆனால் சாய்ந்த பற்கள் சுழற்றுவதோடு நிற்பதில்லை. திருகாணியைச் சுற்றினால் அது உள்ளே நகர்வதைப் போல, ஷாஃப்டையும் அதன் நீளவாக்கில் தள்ளுகின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தள்ளுவிசை ஒரு திசையில் வரும். காலை எடுத்து இன்ஜின் பிரேக்கிங்கில் விடும்போது எதிர்த் திசையில் வரும். ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் இந்த இழுபறியைத் தாங்கித்தான் பேரிங் தன் இடத்தில் நிற்க வேண்டும்.

காடியின் அளவு சரியாக இருந்தால் வளையம் முழு விளிம்போடும் இறுகப் பொருந்தி, சுமையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். அளவு பிசகினால் அந்தப் பிடிப்பு கெடுகிறது. வளையம் களைத்து ஒருநாள் உடைகிறது. அதன்பின் கவுன்ட்டர் ஷாஃப்ட் இருக்கக் கூடாத அளவுக்கு முன்னும் பின்னும் ஆடும். பற்கள் கவ்வும் இடம் மாறும். பேரிங் உறையை அரிக்கும். உடைந்த துண்டுகள் ஆயிலில் கலக்கும். இந்த வகைக் காரில் கியர்களும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில், ஒரே ஆயிலில் இருப்பதால், கேடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவ அதிக நேரம் ஆகாது. சில ரூபாய் பெறும் வளையத்தின் முறிவு ஒரு முழு கியர்பாக்ஸையே பலி வாங்குவது இப்படித்தான்.

எண்ணைத் தேடுங்கள்

பழுதுக்கு உள்ளான வரிசை தெரிந்த ஒன்று. கியர்பாக்ஸ் எண் ஜே4ஏ4-1003542 முதல் ஜே4ஏ4-1005978 வரை இருந்தால் அந்த கியர்பாக்ஸ் சந்தேகப் பட்டியலில் வருகிறது. முதல் நான்கு எழுத்துகளும் எண்களும் கியர்பாக்ஸின் வகையைச் சொல்கின்றன. உறையில் அவை ரோமன் எழுத்தில் இருக்கும். பின்னால் வரும் ஏழு இலக்கம்தான் வரிசை எண். அமெரிக்கக் கணக்கில் 1991, 1992 மாடல் கார்களில் இந்த வரிசை வருகிறது.

ஆனால் மாடல் ஆண்டை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. 1991 மாடலின் தொடக்கத்தில் வந்த கார்களின் எண்கள் இந்த வரிசைக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. 1992 மாடலின் பிற்பகுதியில் வந்தவை இதைக் கடந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய காரில் கியர்பாக்ஸை யாராவது மாற்றியிருக்கவும் கூடும். பதிவுச் சான்றிதழில் இருக்கும் சேஸிஸ் எண் காரின் அடையாளம். கியர்பாக்ஸின் அடையாளம் அதன் உறையில் இருக்கிறது. எனவே இன்ஜின் அறையின் மூடிகளைத் திறந்து, டார்ச் அடித்து, அழுக்கைத் துடைத்துவிட்டு, எண்ணை நேரில் வாசியுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், விற்பவரிடம் எண் தெளிவாகத் தெரியும் போட்டோவைக் கேளுங்கள். கேட்ட போட்டோவை அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் மற்ற கேள்விகளையும் கவனமாகக் கேட்பது நல்லது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட என்எஸ்எக்ஸுக்கு இந்தக் கவலை இல்லை. 1997இல் 3.2 லிட்டர் இன்ஜினோடு வந்த 6 கியர் மேனுவலுக்கும் இல்லை.

எண் வரிசைக்குள் இருந்தால்

வரிசைக்குள் இருக்கும் எல்லா கியர்பாக்ஸும் உடைந்துவிடவில்லை. பல கார்கள் அதே வளையத்தோடு நீண்ட தூரம் ஓடியிருக்கின்றன. ஆனால் இதுவரை உடையவில்லை என்பது இனியும் உடையாது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. எத்தனையாவது கிலோமீட்டரில் உடையும் என்று கணித்துச் சொல்லவும் முடியாது. எனவே முதலில் கேட்க வேண்டியது பழைய ஒர்க்‌ஷாப் பில்.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரி வரியாகப் படியுங்கள். 'கியர்பாக்ஸ் பார்க்கப்பட்டது', 'ஆயில் மாற்றப்பட்டது' என்ற வரிகளால் பயனில்லை. வளையத்தை மட்டும் புதிதாகப் போட்டிருந்தாலும் போதாது. கோளாறு காடியில் இருக்கிறது. சரியான காடி கொண்ட புது உறை போட்டதாகவோ, பழைய உறையின் காடியை மெஷினிங் செய்து பொருத்தமான வளையம் போட்டதாகவோ தெளிவாக இருக்க வேண்டும். புது உறை என்றால் வாங்கிய பாகத்தின் விவரம் பில்லில் இருக்கும். வாய்மொழியாகச் சொல்லும் 'எல்லாம் பண்ணியாச்சு' என்பதை, பண்ணவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பாருங்கள், கேளுங்கள்

எண் சொல்வது ஆபத்து உண்டா என்பதை. கேடு தொடங்கிவிட்டதா என்பதைக் காதும் கையும்தான் சொல்ல வேண்டும். இங்கே கியர்பாக்ஸின் அமைப்பைத் தெரிந்து வைத்திருப்பது நேரடியாக உதவும்.

காரை நிறுத்தி, நியூட்ரலில், கிளட்ச் மிதிக்காமல் இன்ஜினை ஓடவிடும்போது மெயின் ஷாஃப்ட் மட்டும் சுழலும். சக்கரங்களோடு பிணைந்த கவுன்ட்டர் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். ஆகவே நின்ற நிலையில் வந்து, கிளட்ச் மிதித்ததும் மறையும் சத்தம் பெரும்பாலும் மெயின் ஷாஃப்ட் பேரிங்கைச் சேர்ந்தது. நம் வளையத்தோடு அதற்கு உறவில்லை. கவுன்ட்டர் ஷாஃப்டின் குரலைக் கேட்க வேண்டுமானால் கார் ஓட வேண்டும்.

ரேடியோவை அணைத்துவிட்டு, ஆளரவமில்லாத சாலையில் இரண்டாம், மூன்றாம் கியர்களில் ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள், பிறகு முழுதாக விடுங்கள். இப்படிப் பல முறை செய்யுங்கள். காரின் வேகத்தோடு ஏறி இறங்கும் அரைபடும் சத்தம் வந்து, காலை அழுத்தும்போது ஒரு விதமாகவும் எடுக்கும்போது வேறு விதமாகவும் ஒலித்தால் கியர்பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டும். டயரின் இரைச்சலும் சக்கர பேரிங்கின் இரைச்சலும் வேகத்தோடு ஏறுவது உண்மை. ஆனால் ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கிறதா இல்லையா என்பதால் அவை அவ்வளவாக மாறுவதில்லை. போட்ட கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவினாலும் அலட்சியம் வேண்டாம்.

அடுத்தது ஆயில். லிஃப்டில் ஏற்றி டிரெயின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் காந்த முனையில் சாம்பல் நிறத்தில் மை போன்ற நுண்துகள் ஒட்டியிருப்பது வயதான எந்த கியர்பாக்ஸிலும் இயல்பு. விரலால் உணரக்கூடிய செதிலோ, முறிந்த எஃகுத் துண்டோ இருந்தால் அது இயல்பல்ல. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. அதனால் வடித்த ஆயிலைச் சுத்தமான தட்டில் ஊற்றி, வெளிச்சத்தில் சாய்த்து, வெள்ளித் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். அது உறை அரிபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். உறையின் வெளிப்புறத்தில் விரிசலோ ஆயில் கசிவோ உள்ளதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

முடிவெடுக்கும்போது

எண் வரிசைக்கு வெளியே இருந்தால் இந்த ஒரு கவலை தீர்ந்தது. சிங்க்ரோ தேய்மானம், கிளட்ச், டைமிங் பெல்ட் என்று மற்றவற்றைப் பாருங்கள். எண் உள்ளே இருந்து, பழுது நீக்கிய பில்லும் இருந்தால் அதுவும் நல்ல கார்தான். எண் உள்ளே இருந்து, பில் இல்லாமல், சத்தமும் இல்லாமல் ஓடினால், கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துச் சரிசெய்யும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கிய கையோடு அந்த வேலையை முடியுங்கள். வளையம் உடைவதற்கு முன்னால் செய்வது உறையோடு நின்றுவிடும், உடைந்த பின் செய்தால் கியர்களையும் சேர்த்து மாற்ற நேரலாம். சத்தம் ஏற்கெனவே வந்துவிட்டால் அந்த காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

இந்த முதல் வடிவ என்எஸ்எக்ஸ் 2005 வரை தயாரிப்பில் இருந்தது. இனி இதில் புதிதாக ஒன்று வரப்போவதில்லை. இருப்பவற்றை ஒழுங்காகக் காப்பாற்றினால்தான் அடுத்த தலைமுறை அந்த இன்ஜினின் குரலைக் கேட்கும். பழுதின் எல்லை வெளிப்படையாகத் தெரிந்த கார் பயப்பட வேண்டிய கார் அல்ல. எந்தப் பழைய வண்டியை வாங்கப்போனாலும் அந்த மாடலில் எந்த வரிசை எண்ணுக்கு என்ன பழுது பதிவாகியிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். விற்பவரின் பேச்சைக் கேட்கும் முன் உறையில் இருக்கும் எண்ணை வாசியுங்கள்.