கேமராவுக்கு அப்பாவைத் தெரியாது

சிராங்கூன் சாலையில் தீபாவளிக் கூட்டம். தடம் மாறிய எங்கள் கார், பக்கத்துத் தடத்தில் வந்த வேனை உரசியது. “அவர்தான் வேகமாக வந்தார்!” என்றேன் உறுதியாக.

வீட்டில் கேமராப் பதிவைப் பார்த்தோம். வேன் சீராகத்தான் வந்தது. சிக்னல் போட்ட கையோடு அப்பா நுழைந்திருந்தார்.

சிங்கப்பூரில் விபத்தை 24 மணி நேரத்திற்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்கவேண்டும். தவறு ஒருவருடையதாகவே இருக்கவேண்டியதில்லை. பொறுப்பை விழுக்காட்டில் பிரிப்பதற்கு அரசு நீதிமன்றங்களின் வழிகாட்டி உண்டு. பொதுவாக, தடம் மாறுபவருக்கே பொறுப்பு அதிகம்.

அப்பா பதிவை அப்படியே ஒப்படைத்தார். அவர் அருகில் அமர்ந்திருந்த என் கண்ணும் அவர் பக்கமே சாய்ந்திருந்தது. இனி சாட்சி சொல்லுமுன் ஒருமுறை யோசிப்பேன்: பார்த்தேனா, நம்பினேனா?