அறுவை சிகிச்சைக்குப் பின் நுரையீரலைக் காத்தல்

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், உறவினர்கள் எங்களிடம் பெரும்பாலும் தையலைப் பற்றியே கேட்கிறார்கள். நாங்களோ முதலில் நோயாளியின் மூச்சைக் கவனிக்கிறோம். இரைப்பை, பித்தப்பை போன்ற மேல்வயிற்று உறுப்புகளில் சிகிச்சை பெற்றவர் வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலையும் அடக்கிக்கொள்வார். மயக்க மருந்தின் போதே நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் ஓரளவு சுருங்கியிருக்கும். அவை மீண்டும் விரியாவிட்டால் அங்கே சளி தேங்கி, சில நாள்களில் நிமோனியாவாக மாறக்கூடும்.

“பச்சை உடம்பு, அசையக் கூடாது” என்று வீட்டார் அன்போடு படுக்கவைப்பதுதான் இங்கே தீங்காகிறது. மருத்துவர் அனுமதித்தவுடன் உட்காரவும் நடக்கவும் துணைசெய்யுங்கள். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஒரு தலையணையைக் காயத்தின் மீது அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும். அப்போதும் வலித்தால் பொறுத்துக்கொண்டிராமல் செவிலியரிடம் சொல்லுங்கள். வலி தணிந்தால்தான் ஆழ்ந்து மூச்சிழுக்க இயலும்.

மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பலர் பலூனைப் போல ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கானது அன்று, உறிஞ்சுவதற்கானது. நிமிர்ந்து அமர்ந்து, மெதுவாக உள்ளிழுத்து, 3 விநாடி நிறுத்திப் பின் விடவேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை செய்தால் போதும். மூன்று பந்துகளும் எழவில்லையே என வருந்த வேண்டாம். வேகமாக இழுத்து மூன்றையும் எழுப்புவதைவிட, மெதுவாக இழுத்து ஒன்றை நிறுத்திவைப்பதே பயன் தரும்.

படுத்த நிலையில் கஞ்சியோ நீரோ புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் சென்றுவிடும். காலையும் இரவும் பல் துலக்குவதும் நிமோனியாவைத் தடுக்க உதவும். புகைப்பவர்கள் சிகிச்சைக்கு 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது நல்லது. அந்தக் காலம் கடந்திருந்தாலும் இன்றே நிறுத்துங்கள்.

காய்ச்சல், மஞ்சள் அல்லது பச்சை நிறச் சளி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள். கால் சிரையில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைப்பது இன்னும் ஆபத்தானது. ஒரு கால் மட்டும் வீங்குதல், திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சில் குத்தல், சளியில் இரத்தம் ஆகியவை அதன் அறிகுறிகள். வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்தும் இது நேரலாம். அப்போது புறநோயாளர் பிரிவு திறக்கும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கே வாருங்கள்.

முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வருவதுண்டு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால், உணவை மறுத்து உறங்கிக்கொண்டே இருந்தால், அதைக் களைப்பு என விட்டுவிடாமல் எங்களை அழையுங்கள்.