மூட்டை முடிச்சு: ஏடனில் இறக்கிய பெட்டிகள்

கப்பலில் துணி துவைப்பதைப் பற்றிப் போன வாரமே எழுதியிருக்க வேண்டும். பெட்டியின் எடையைப் பேசியே பக்கம் தீர்ந்துபோனது, நினைவிருக்கும். இந்த வாரம் துவைத்தே தீருவது என்று உட்கார்ந்தால் குறுக்கே காந்தி வந்துவிட்டார்.

1931 ஆகஸ்ட் 29. வட்டமேசை மாநாட்டுக்காக பம்பாயில் ‘ராஜ்புதானா’ கப்பல் ஏறுகிறார். இரண்டாம் வகுப்பு. அவர் உடுத்துவதற்கு எவ்வளவு துணி வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். கூட வந்த மகாதேவ தேசாய், மீராபென் கூட்டமோ வேண்டியவர்கள் அன்பாகக் கொடுத்ததையெல்லாம் மறுக்காமல் வாங்கி அடைத்து வந்திருந்தது. பெட்டிகளைப் பார்த்த கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏழைகளின் பிரதிநிதிக்கு இத்தனை பெட்டியா? நடுக்கடலில் கணக்கெடுப்பு நடந்தது. ஏடன் துறைமுகம் வந்ததும் ஏழு பெட்டிகளுக்குக் குறையாமல் இறக்கி, பம்பாய்க்கே திருப்பி அனுப்பினார்கள். திட்டு வாங்கிய தேசாயே இதை எழுதி வைத்திருக்கிறார்.

திட்டியவருக்கு அந்த யோக்கியதை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது சலவைக் கூலி கட்டுப்படியாகாமல், புத்தகம் வாங்கிப் படித்துத் துவைக்கக் கற்றவர் அவர். தானே கஞ்சி போட்ட முதல் காலரிலிருந்து கோர்ட்டில் கஞ்சி உதிர, சக வக்கீல்கள் சிரித்தார்கள். பின்னாளில் அங்கே வந்த கோகலேயின் அங்கவஸ்திரம், அதுவும் அவருடைய குரு ரானடே கொடுத்தது, காந்தியின் கையால்தான் இஸ்திரி ஆனது.

சரி, நம்ம ஊர்ச் சங்கதி. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய பிறகு, தாராபுரத்திலும் கப்பல் பேச்சு அடிபடுகிறது. “அங்க துவைச்சுக் காயப்போடக் கொடி இருக்குமுங்களா?” என்று ஓர் அக்கா கேட்டார். கெட்டிக்காரக் கேள்வி. துவைப்பது பெரிய காரியமில்லை, அறையின் வாஷ்பேசினே போதும். காய்வதுதான் பாடு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் ஆடிக் காத்து மொட்டைமாடியில் வேட்டியைச் சீக்கிரமே காயவைத்துவிடும். அந்தத் தெம்பில் நாம் காய்வதைப் பற்றி யோசிப்பதே இல்லை. கப்பலின் குளியலறையில் பெரும்பாலும் ஒரு சின்ன இழுப்புக்கொடி இருக்கும். காற்றுதான் இருக்காது. பால்கனிக் கம்பியில் போட்டால் துணி கடலுக்குப் போய்விடும், கப்பல்காரர்களும் விடமாட்டார்கள். தீப்பிடிக்கும் பயத்தால் அறைக்கு இஸ்திரிப் பெட்டியும் கொண்டுபோகக் கூடாது.

ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். திருப்பூர்க்காரர்கள் கோபிக்கக் கூடாது, கனமான பருத்தி பனியனும் வேண்டாம்; பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் கலந்தது இரவோடு காய்ந்துவிடும். பிழிந்த துணியைக் காய்ந்த டவலில் சுருட்டி ஏறி மிதித்தால் பாதி ஈரம் டவலுக்குப் போய்விடும். உள்ளாடையும் சட்டையும் மூன்று நாளைக்கு இருந்தால் ஒரு வாரம் ஓட்டலாம்.

காசு போட்டுத் துவைக்கும் மெஷின் கப்பலில் கிடையாதா? கார்னிவல், பிரின்சஸ் கப்பல்கள் பலவற்றில் உண்டு, ராயல் கரீபியனில் கிடையாது. கடல்நீரைக் குடிநீராக்கி, அதிலேயே ஆயிரக்கணக்கான படுக்கை விரிப்புகளை அலசும் அடித்தளத்துச் சலவைக்கூடத்தைத்தான் இன்று சொல்வதாக இருந்தேன். அது அடுத்த வாரம். அதற்குள் கட்டிவைத்த பெட்டியை ஒருமுறை திறந்து, பாதியை எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள்.