மலாயாவில் யாழ்ப்பாணத்தார்

மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை, தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்குமிடையே 1885ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன்பின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் உத்தியோகம் பெற்றனர்.

குடியேறும் எண்ணத்தோடு கப்பலேறியோர் சிலரே. இளைப்பாறிய பின் ஊர் திரும்புவதே பலரின் நோக்கமாயிருந்தது. ஆகவே சம்பளத்தின் மிச்சம் ஊரிலே காணியாயிற்று; கல்வீடாயிற்று. பிள்ளைகளோ மலாயாவிற் பிறந்து, அங்கேயே கற்று வளர்ந்தனர்.

1957இல் மலாயா சுதந்திரமடைந்தபோது, எந்நாட்டுக் குடிகளாவது என்னும் வினா வீடுதோறும் எழுந்தது. தந்தைக்கு ஊர் யாழ்ப்பாணம். மகனுக்கு ஊர் ஈப்போ. சிலர் திரும்பினர், தங்கியோரின் வழிவந்தோர் இன்று மலேசியக் குடிகள்.

திரும்பும் நாளைப் பெற்றோர் ஒத்திவைக்கலாம். பிள்ளைகளின் வளர்ச்சி அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆதலின் பிறநாட்டில் நெடுங்காலம் வாழ்வோர், அம்முடிவைக் காலத்தின் கையில் விடாது, பிள்ளைகளோடு கலந்து வேளைக்கே துணிதல் நன்று.